பாசம் வாதாடாது

ஒரு சட்டத்தைப் படிக்கும்போது அதில் எழுதியிருப்பதை மட்டும் படித்தால் போதாது. எழுதாமல் விட்டதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இளைஞர் நீதிக் குழுமத்தில் உட்காரும் நடுவருக்கும், அவரோடு உட்காரும் 2 சமூகப் பணியாளர்களுக்கும், நியமனமான 60 நாட்களுக்குள் பயிற்சி தந்தாக வேண்டும் என்கிறது 4ஆவது பிரிவு. காவல் நிலையத்தில் குழந்தைநல அலுவலராக இருக்கும் போலீஸ்காரருக்குத் தகுந்த பயிற்சி இருக்க வேண்டும் என்கிறது 107ஆவது பிரிவு. சரி, அந்தக் குழுமத்தின் முன்னால் பிள்ளைக்காக எழுந்து நிற்கப்போகும் வக்கீலுக்கு? சட்ட உதவி கிடைக்கச் செய்ய வேண்டியது குழுமத்தின் கடமை என்கிறது 8ஆவது பிரிவு. அதோடு முடிந்தது. இன்ன பயிற்சி முடித்தவர்தான் நிற்கலாம் என்று அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை. பிடிக்கிறவருக்குப் பயிற்சி, தீர்ப்புச் சொல்கிறவருக்குப் பயிற்சி, காப்பாற்ற வேண்டியவருக்கு மட்டும் கறுப்பு அங்கி போதும்.

இது கைதவறி விட்டுப்போனது என்று நான் நம்பவில்லை. 12 வருடமாக இளைஞர் நீதிக் குழுமத்தில் வழக்கு நடத்துகிறேன். அங்கே யாரை அனுப்புகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு கொலை வழக்கில் 5 பேர் பிடிபடுகிறார்கள் என்று வையுங்கள். 4 பேர் பெரியவர்கள், அவர்களுக்காக செஷன்ஸ் கோர்ட்டில் சீனியர் போவார். ஐந்தாவது ஆள் 17 வயதுப் பையன். அவன் கட்டை எடுத்து, போன வருடம் பதிவு செய்த ஜூனியர் பெண்ணிடம் நீட்டுவார்: "நீ போம்மா. பிள்ளைங்க விஷயம்தானே."

"பிள்ளைங்க விஷயம்." இந்தச் சொல் நமக்குப் புதிதில்லை. சமையல் கற்றுத்தர வேண்டாம், பெண்ணுக்குத் தானாக வரும். பிரசவம் பார்க்கும் கிழவியின் அறிவு அறிவில்லை, கைராசி. அங்கன்வாடியில் 20 பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, எடை பார்த்து, சோறு போட்டு, பதிவேடும் எழுதுகிறவருக்கு மதிப்பூதியம்தான், சம்பளமில்லை. செய்வது பெண், செய்வது குழந்தைக்கு என்றால் அதைத் தொழில் திறமையாகக் கணக்கில் எடுக்காதது நம் சமூகத்தின் பழைய வழக்கம். அந்த வழக்கம் கோர்ட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது. தாயுள்ளம் இருந்தால் போதும், அன்பாக நாலு வார்த்தை பேசினால் போதும், பையன் திருந்திவிடுவான். இந்த நினைப்பால் அடிபடுகிறவர்கள் இரண்டு பேர்: பயிற்சியில்லாமல் அனுப்பப்படும் அந்த இளம் பெண் வக்கீல், அவளை நம்பி நிற்கும் பிள்ளை.

எனவே நேராகச் சொல்கிறேன். சிறார் வழக்கில் பிள்ளைக்காக நிற்கும் வக்கீலுக்கு முறையான, கட்டாயமான பயிற்சி வேண்டும். அதை முதலில் கேட்க வேண்டியவர்கள் பெண்ணியவாதிகளான நாம்.

நாம் ஏன் என்று கேட்பீர்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் பக்கம் நிற்பதே பெரும்பாடாக இருக்கும்போது, குற்றம் சாட்டப்பட்ட பையனுக்கு நல்ல வக்கீல் தேடுவது நம் வேலையா? கூட்டங்களில் தோழிகள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. கோபத்தோடும் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தச் சட்டம் யார் பெயரால் வந்தது என்பதை மறந்துவிட முடியாது.

இந்தியாவில் சிறுவர்களுக்கென்று வந்த முதல் மாகாணச் சட்டம் 1920ஆம் ஆண்டின் மெட்ராஸ் குழந்தைகள் சட்டம். பிள்ளையைப் பெரியவர்களின் சிறையில் போடக்கூடாது என்ற எண்ணம் நம் ஊரில் 100 வருடத்துக்கு முன்பே எழுத்தில் வந்துவிட்டது. ஆனாலும் 1980களிலும் சிறைகளில் பிள்ளைகள் கிடந்தார்கள். அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனவர் ஒரு பெண் பத்திரிகையாளர், ஷீலா பர்சே. நாடு முழுமைக்குமான முதல் சிறார் நீதிச் சட்டம் வந்ததும் அந்த வழக்கு நடந்த 1986இல்தான். அந்தச் சட்டத்தில் ஆண்பிள்ளைக்கு 16 வயது வரை, பெண்பிள்ளைக்கு 18 வயது வரை பாதுகாப்பு. 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருவருக்கும் 18 என்று ஆக்கியது.

பிறகு 2012 டிசம்பர். டெல்லிப் பேருந்தில் அந்த இளம் பெண்ணுக்கு நடந்ததை யாரும் மறக்கவில்லை. குற்றவாளிகளில் ஒருவனுக்கு 18 ஆகச் சில மாதங்கள் இருந்தன. நாடு கொதித்தது. நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியில் தந்த அறிக்கையில், சிறார் வயதைக் குறைக்க வேண்டும் என்று பரிந்துரைக்கவில்லை. அந்தக் குழுவின் முன் போய்ப் பேசிய பெண்கள் அமைப்புகள் பல. அவர்கள் கேட்டது போலீஸ் சீர்திருத்தம், மருத்துவப் பரிசோதனையில் மாற்றம், திருமணத்துக்குள் நடக்கும் வன்புணர்வும் குற்றமாக வேண்டும் என்பது. திருமண வன்புணர்வு இன்றுவரை குற்றமாகவில்லை. ஆனால் 2015 டிசம்பரில் அந்தச் சிறுவன் விடுதலையான 2 நாளில், 16 முதல் 18 வயதுப் பிள்ளைகளைப் பெரியவர்களாக வைத்து விசாரிக்க வழிசெய்யும் சட்டம் மாநிலங்களவையில் நிறைவேறியது. நாம் கேட்டதைத் தராமல், கேட்காததை நம் பெயரில் தந்தார்கள். நம் பெயரைச் சொல்லி எழுதிய சட்டத்தில் ஒரு பிள்ளை மாட்டிக்கொண்டு நிற்கும்போது, "அது எங்கள் வேலையில்லை" என்று நாம் சொல்ல முடியாது.

இனி, பயிற்சி இல்லாத வக்கீல் என்ன செய்கிறார் என்று பார்ப்போம்.

முதலில் ஜாமீன். பெரியவர்களின் வழக்கில் குற்றம் எவ்வளவு பெரியது என்பதைக் கோர்ட் பார்க்கும். பிள்ளைக்கு அப்படியில்லை. 12ஆவது பிரிவின்படி ஜாமீன்தான் விதி. ஜாமீன்தாரர் இல்லாமலும் விடலாம். மறுப்பதற்கு மூன்றே காரணங்கள்: வெளியே போனால் தெரிந்த குற்றவாளியோடு சேரும் வாய்ப்பு, பிள்ளைக்கே ஆபத்து, நீதியின் நோக்கம் கெடுவது. ஜாமீன் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் ஒரு பிள்ளை 7 நாள் உள்ளேயே இருந்தால், நிபந்தனையை மாற்றுவதற்காகக் குழுமத்தின் முன் மறுபடி நிறுத்த வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இது தெரியாத வக்கீல், பெரியவர்களுக்குத் தட்டச்சு செய்து வைத்த மனுவில் பெயரை மட்டும் மாற்றித் தாக்கல் செய்கிறார். "குற்றத்துக்கும் மனுதாரருக்கும் சம்பந்தமில்லை, ஏகபோகத்தில் குடும்பத்தைக் காப்பவர்" என்று 16 வயதுப் பையனைப் பற்றி எழுதிய மனுவை நானே படித்திருக்கிறேன். 2 ஜாமீன்தாரர் கொண்டுவா என்றால் வாயை மூடிக்கொள்கிறார். வாடகை வீட்டில் இருந்து வீட்டு வேலைக்குப் போகும் தாய், சொத்துவரி ரசீதுக்கு எங்கே போவாள்?

உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் என்ன விலை என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும். பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுச் சிறுவன், 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் சேர்த்த சில நாட்களிலேயே இறந்தான். இல்லத்தின் ஊழியர்கள் 6 பேர் கைதானார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. அந்தச் சாவு மூடிப்போகாமல் நின்று கேட்டது அவனுடைய தாய். இதை நினைத்துக்கொண்டு 12ஆவது பிரிவை மறுபடி படியுங்கள். சிறு திருட்டு வழக்கில் முதல் நாளே ஜாமீன் கேட்டுப் போராடத் தெரிந்த வக்கீல் இருப்பதும் இல்லாததும் சிறிய வித்தியாசமில்லை.

அடுத்தது கைது. மத்திய அரசின் 2016 மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இருந்தால் ஒழிய, பிள்ளை மேல் எஃப்.ஐ.ஆர். போடக்கூடாது. பொது நாட்குறிப்பில் எழுதி, பிள்ளையின் பின்னணி பற்றிய அறிக்கையைக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். விலங்கு போடக்கூடாது, லாக்கப்பில் வைக்கக்கூடாது, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஸ்டேஷனில் எழுதும் வயது "சுமார் 19" என்றால் இவை எல்லாம் ஒரே அடியில் போய்விடும். வயதுக்கு முதல் ஆதாரம் பள்ளிச் சான்றிதழ், அடுத்தது பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை என்பது 94ஆவது பிரிவு. படிப்பை நிறுத்திய பையனின் மாற்றுச் சான்றிதழை எந்தப் பள்ளியில், யாரிடம் கேட்டு வாங்குவது, தலைமையாசிரியர் தர மறுத்தால் என்ன மனுப் போடுவது என்பது சட்டப் புத்தகத்தில் வராது. யாராவது கூட உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.

பிறகு, பேசுவது. ஒரு பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்பதை எந்தச் சட்டக் கல்லூரியும் எனக்குச் சொல்லித்தரவில்லை. குழுமத்தின் தாழ்வாரத்தில் போலீஸ்காரர் ஒரு பக்கம், அழும் அம்மா ஒரு பக்கம் நிற்க, "டேய், உண்மையைச் சொல்லு, எடுத்தியா இல்லையா?" என்று கேட்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. தலையாட்டுவான். அவன் வாழ்க்கையில் பெரியவர்கள் அதட்டியபோதெல்லாம் தலையாட்டித்தான் தப்பித்திருக்கிறான். "ஒத்துக்கோடா, கண்டிச்சு விட்டுடுவாங்க, இன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்" என்பார் வக்கீல். பையன் ஒத்துக்கொள்வான். செய்யாததையும் ஒத்துக்கொள்வான். வக்கீலுக்கு வாய்தா மிச்சம், குழுமத்துக்கு நிலுவையில் ஒன்று குறைவு. அடுத்த தெருவில் அடுத்த திருட்டு நடந்தால் போலீஸ் முதலில் தட்டுவது அவன் வீட்டுக் கதவைத்தான்.

இதில் அடிப்படையான ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வக்கீலின் கட்சிக்காரர் பிள்ளைதான். பிள்ளையின் அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. "கொஞ்ச நாள் உள்ள இருந்தா புத்தி வரும் சார்" என்று அப்பாவே சொன்னாலும், பையன் வீட்டுக்குப் போக விரும்பினால் வக்கீல் வாதாட வேண்டியது வீட்டுக்குத்தான். பிள்ளைக்கு எது நல்லது என்று சொல்ல நன்னடத்தை அலுவலர் இருக்கிறார், குழுமம் இருக்கிறது, ஊரே இருக்கிறது. பிள்ளை என்ன சொல்கிறான் என்பதைச் சொல்ல அந்த அறையில் வேறு யாரும் இல்லை. பெண்களுக்கு "நல்லது" செய்கிறோம் என்று சொல்லியே நம் வாயை அடைத்த கதை நமக்குத் தெரியும். அதே கதையைப் பிள்ளைகள் விஷயத்தில் நாமே நடத்தக்கூடாது.

நான் அதிகம் சண்டைபோடும் இடம் சமூக விசாரணை அறிக்கை. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்குப் போய் விசாரித்து 6ஆம் படிவத்தில் எழுதுவது. குடும்பம், வருமானம், பெற்றோர் உறவு, பழக்கவழக்கம் எல்லாம் அதில் வரும். படித்துப் பாருங்கள், குற்றவாளிக் கூண்டில் யார் நிற்கிறார் என்பது தெரியும். "தாயார் வேலைக்குச் செல்வதால் போதிய கண்காணிப்பு இல்லை." "தாயார் கணவரைப் பிரிந்து வாழ்கிறார்." "தாயாரின் செல்லமே காரணம்." குடித்துவிட்டு அடித்த அப்பா அதே அறிக்கையில் ஒரு வரியில் நடந்து போய்விடுவார். வேலைக்குப் போனாலும் குற்றம், போகாவிட்டால் வறுமை. இந்த வரிகளை வைத்துத்தான் "வீட்டுக்கு அனுப்பினால் ஆபத்து" என்று ஜாமீன் மறுக்கப்படுகிறது. பயிற்சி இல்லாத வக்கீல் இந்த அறிக்கையைக் கேட்டு வாங்குவதுகூட இல்லை. வாங்கினாலும், சர்க்கார் அறிக்கை என்று கும்பிட்டு வைத்துவிடுகிறார். பயிற்சி உள்ளவர் கேட்பார்: எத்தனை முறை வீட்டுக்குப் போனீர்கள்? தாய் வேலைக்குப் போகும் நேரத்தில் பாட்டி இருப்பதை ஏன் எழுதவில்லை? தப்படிக்கக் கற்றுத்தரும் மாமா அதே தெருவில் இருக்கிறாரே, அவரிடம் பேசினீர்களா? இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவர் பிள்ளையோடு தாயையும் காப்பாற்றுகிறார்.

பெண்பிள்ளைகளின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த அமைப்புக்குள் வருகிறவர்களில் அவர்கள் மிகவும் குறைவு. குறைவு என்பதாலேயே அவர்களைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. இல்லம் வீட்டிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும். பையனுக்கு எளிதாகக் கிடைக்கும் ஜாமீன், பெண்ணுக்கு "ஒழுக்கரீதியான ஆபத்து" என்ற ஒரு சொற்றொடரில் நின்றுவிடும். அந்தச் சொல் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரே பைக்கில் போய் ஒரே செல்போனைப் பறித்த இரண்டு பேரில், பையனுக்குத் திருட்டு மட்டும்தான் வழக்கு. பெண்ணுக்கு அவளுடைய நடத்தையும் சேர்ந்து வழக்காகிறது.

இன்னும் கொடியது ஒன்று உண்டு. யாரிடமும் சொல்லாமல், தனியாக, கழிப்பறையில் பிரசவித்த 17 வயதுப் பெண். குழந்தை இறந்து கிடக்கிறது. அவள் மேல் கொலை வழக்கு. அவளைக் கருவுறச் செய்தவன் மேல் போக்சோ வழக்கு. ஒரு கட்டில் அவள் பாதிக்கப்பட்ட குழந்தை, இன்னொரு கட்டில் அவள் கொடுங்குற்றம் செய்தவள். இரண்டு கட்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கும் ஆள் கிடையாது. அவளுக்காக நிற்கும் பயிற்சியில்லாத வக்கீல், "குடும்ப மானத்துக்குப் பயந்து செய்துவிட்டாள், கருணை காட்டுங்கள்" என்பார். கருணை கேட்ட அந்த நொடியே கொலையை ஒப்புக்கொண்டாகிவிட்டது. குழந்தை உயிரோடு பிறந்ததா என்பதே போலீஸ் முதலில் நிரூபிக்க வேண்டியது. நுரையீரலைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய சோதனையை மட்டும் நம்பி முடிவுக்கு வரக்கூடாது என்பது தடயவியல் மருத்துவத்தில் தெரிந்த விஷயம். பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் படிக்கத் தெரிந்த வக்கீல் அங்கிருந்து தொடங்குவார்.

கொடுங்குற்றம் என்றேன். அதையும் விளக்கிவிடுகிறேன். குறைந்தபட்சத் தண்டனை 7 வருடமோ அதற்கு மேலோ இருந்தால் அது கொடுங்குற்றம். 16 வயது முடிந்த பிள்ளை மேல் அப்படி ஒரு வழக்கு வந்தால் 15ஆவது பிரிவின்படி முதனிலை மதிப்பீடு செய்ய வேண்டும். குற்றத்தைச் செய்ய அவனுக்கு மனத்திறனும் உடல்திறனும் இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்று பார்த்து, பெரியவனாக வைத்து விசாரிக்கலாமா என்று குழுமம் முடிவு செய்யும். அவன் குற்றம் செய்தானா என்பதே இன்னும் தெரியாத கட்டத்தில் இது நடக்கிறது. இது விசாரணை ஆகாது என்று சட்டமே சொல்கிறது. ஆனாலும் "ஏன்டா செஞ்சே?" என்று கேட்டுத்தான் பல இடங்களில் தொடங்குகிறார்கள். குழுமத்தில் குழந்தை உளவியல் படித்தவர் இல்லாவிட்டால் நிபுணர் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று 2022இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முடிவு பாதகமானால் 30 நாளில் மேல்முறையீடு செய்யலாம். அந்த 30 நாள் ஓடுவது தெரியாமலே விட்டுவிட்ட வழக்குகள் என்னிடம் வந்திருக்கின்றன.

இந்தப் பிரிவில் மாட்டும் பையன்களில் பலர் யார் தெரியுமா? காதலித்தவர்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 18க்குக் கீழே சம்மதம் என்ற பேச்சே இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனை 10 வருடம், பெண் கருவுற்றிருந்தால் 20 வருடம். ஆக, 17 வயதுப் பையனும் 16 வயதுப் பெண்ணும் விரும்பி ஓடிப்போனால், பிடிபட்ட மறுநாள் அவன் கொடுங்குற்றவாளி. புகார் தருவது பெரும்பாலும் அந்தப் பெண் இல்லை, அவளுடைய அப்பா. பையன் வேறு சாதி, அதிலும் தலித் என்றால் புகாரின் வேகமே தனி. பெண்ணைக் காக்க வந்த சட்டம், அவள் தேர்ந்தெடுத்த பையனைச் சிறைக்கு அனுப்பி அவளை வீட்டில் பூட்டுகிறது. இந்த அநியாயத்தைச் சென்னை உயர்நீதிமன்றமே 2019இலும் 2021இலும் தன் தீர்ப்புகளில் பேசியிருக்கிறது. இந்தத் தீர்ப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு குழுமத்தில் எழுந்து நிற்க ஒரு வக்கீல் வேண்டாமா?

"சரி, காதல் வழக்கை விடு. உண்மையாகவே வன்கொடுமை செய்த பையன் என்றால்?" என்பீர்கள். அப்போதும் வேண்டும். அப்போதுதான் இன்னும் அதிகமாக வேண்டும். பயிற்சி இல்லாத வக்கீலுக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு, புகார் சொன்ன பெண்ணைக் கிழிப்பது. அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய், முன்பு யாரோடு பழகினாய், ஏன் கத்தவில்லை. குழந்தையின் நடத்தையைக் கொச்சைப்படுத்தும் கேள்விகளை போக்சோ சட்டத்தின் 33ஆவது பிரிவு தடுக்கிறது. தடுத்தாலும் கேட்கிறார்கள், ஏனென்றால் கையில் வேறு சரக்கு இல்லை. பயிற்சி பெற்றவரிடம் வேறு வழிகள் உண்டு. பையனின் வயது, அவன் வளர்ச்சி, அவனே சிறுவயதில் பட்ட வன்முறை, அவனுக்கு வேண்டிய ஆலோசனை, மறுவாழ்வுத் திட்டம் என்று குழுமத்தின் முன் வைக்க அவருக்கு எவ்வளவோ இருக்கிறது. அந்தப் பெண்ணின் மேல் சேறு பூசாமலே அவர் தன் வேலையைச் செய்துவிடுவார். பாதிக்கப்பட்ட பெண்ணுக்காக உழைக்கும் தோழிகளே, எதிர்த்தரப்பில் தேர்ந்த வக்கீல் நிற்பது உங்கள் பெண்ணுக்கும் நல்லதுதான்.

இன்னொரு பக்கத்திலிருந்து வரும் மறுப்பும் உண்டு. குழுமம் என்பது கோர்ட் மாதிரி இறுக்கமான இடமில்லை, பிள்ளைக்கு நட்பான இடம், அங்கே வக்கீல் நுழைந்து ஆட்சேபணை கிளப்பினால் நல்ல சூழல் கெட்டுவிடும் என்பார்கள். இதே பேச்சு அமெரிக்காவில் 100 வருடத்துக்கு முன்பிருந்தே ஓடியது. அதன் முடிவைப் பாருங்கள். 1964இல் அரிசோனா மாநிலத்தில் ஜெரால்ட் கால்ட் என்ற 15 வயதுப் பையனை, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஆபாசமாக ஃபோன் செய்ததாகப் பிடித்துப் போனார்கள். பெற்றோர் இருவரும் வேலையில் இருந்தார்கள். வீட்டில் ஒரு துண்டுச் சீட்டுகூட வைக்கவில்லை. தாய் வீட்டுக்கு வந்து பார்த்தால் பிள்ளையைக் காணோம். விசாரணைக்குப் புகார் கொடுத்தவர் வரவேயில்லை, நடந்ததற்குப் பதிவு இல்லை, வக்கீல் இல்லை. 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளி என்று உத்தரவு. அதே குற்றத்தைப் பெரியவர் செய்திருந்தால் 50 டாலர் வரை அபராதம் அல்லது 2 மாதம் வரை சிறை. பிள்ளை என்பதற்காகக் காட்டிய பரிவு 6 வருடமாக வந்து நின்றது! பெற்றோர் தேடிப்போய் அமர்த்திய வக்கீல் அமீலியா லூயிஸ் என்ற பெண். 1967இல் அந்த நாட்டு உச்சநீதிமன்றம், பிள்ளைக்கும் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. நட்பான முகத்தோடு செய்தாலும் அநீதி அநீதிதான் என்பதை அந்தத் தாய் அனுபவித்து அறிந்தார். நம் ஊர்த் தாய்களும் அறிவார்கள்.

பணம் இல்லை என்பது கடைசி மறுப்பு. பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12ஆவது பிரிவில் சொல்கிறது. ஆணைக்குழுக்களின் திட்டங்களில் பயிற்சி என்ற சொல்லும் இருக்கிறது. நடப்பது என்ன? குத்துவிளக்கு, வரவேற்புரை, 3 மணி நேரச் சொற்பொழிவு, சாப்பாடு, சான்றிதழ், குழுப் படம். அதில் உட்கார்ந்து எழுந்தவருக்கு மறுநாள் கூர்நோக்கு இல்லத்தில் ஒரு பிள்ளையிடம் முதல் வாக்கியம் என்ன பேசுவது என்று தெரியாது.

வேண்டியது இவை. பயிற்சி முடிக்காத எவரையும் குழுமத்தின் சட்ட உதவிப் பட்டியலில் சேர்க்கக்கூடாது. அந்தப் பயிற்சி வாரக்கணக்கில் நடக்க வேண்டும். வளரிளம் பருவத்து மனம் எப்படி இயங்குகிறது, சாதியும் வறுமையும் ஒரு பிள்ளையை எப்படி ஸ்டேஷன் வாசலுக்குக் கொண்டுவருகின்றன, பிள்ளையிடம் தனியாகப் பேசுவது, ஜாமீன் மனு எழுதுவது, மருத்துவ அறிக்கையையும் உளவியல் அறிக்கையையும் சமூக விசாரணை அறிக்கையையும் படித்துக் குறுக்கு விசாரணை செய்வது எல்லாம் அதில் இருக்க வேண்டும். பாடம் நடத்துகிறவர்களில் இல்லத்தில் இருந்து வெளியே வந்த இளைஞர்களும் பிள்ளைக்காகக் குழுமத்துக்கு நடையாய் நடந்த தாய்மாரும் இருக்க வேண்டும். முதல் சில வழக்குகளில் அனுபவமுள்ள ஒருவர் கூடவே நிற்க வேண்டும். ஒருவர் கையில் எத்தனை வழக்கு என்பதற்கு வரம்பு வேண்டும். கௌரவமான கட்டணம் வேண்டும், இல்லாவிட்டால் இது என்றைக்கும் "நீ போம்மா" வேலையாகவே இருக்கும்.

சட்டம் படிக்கும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கல்லூரியில் சிறார் நீதி விருப்பப் பாடமாக மூலையில் கிடந்தால், அதைக் கட்டாயமாக்கச் சொல்லிக் கேளுங்கள். சட்ட உதவி மையம் பெயர்ப் பலகையோடு நின்றிருந்தால், அதைக் குழுமத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். நாளை உங்கள் சீனியர் "பிள்ளைங்க விஷயம்தானே" என்று கட்டை நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போதே, "இதற்கு எனக்கு யார் பயிற்சி தருவார்கள், என்ன கட்டணம் தருவீர்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். அது உங்களுக்காக மட்டும் கேட்பதில்லை.